பனியுகம் தானா வந்து போச்சே, இப்ப மட்டும் மனுசன் எப்படிக் காரணம்? நீலகிரி நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். கோத்தகிரி பக்கமிருந்து ஒரு தேயிலை விவசாயி ரெண்டு கேள்வி அனுப்பியிருக்கார். "பனியுகம் வந்துச்சு, போச்சு. அப்ப காரும் இல்ல, ஆலையும் இல்ல. இப்ப மட்டும் மனுசன்தான் காரணம்னு எப்படி அடிச்சுச் சொல்றீங்க?" இது முதல் கேள்வி. "எங்க ஊர்ல சும்மா கிடக்கிற புல்வெளியிலயும் சதுப்புலயும் மரம் நடலாம்னு இருக்கோம், சரிதானா?" இது ரெண்டாவது.

ரெண்டுக்குமே பதில் நீங்க சும்மா கிடக்குன்னு சொல்ற அந்தச் சதுப்புக்குள்ள இருக்கு.

சதுப்புல எப்பவும் தண்ணி நிக்கும், காத்து உள்ள போகாது. அதனால செத்துப்போற புல்பூண்டு முழுசா மக்காம, வருசா வருசம் அடுக்கடுக்காத் தங்கிடும். இதுதான் பீட் மண். ஒரு பிடி அள்ளிப் பிழிஞ்சா கறுப்பாத் தண்ணி விடும், உள்ள பாதி மக்கின தண்டும் வேரும் கண்ணுக்குத் தெரியும். ஊட்டி பக்கத்துல சாண்டிநல்லாவுல இந்த மண்ணை அடுக்கு அடுக்கா எடுத்து ஆராய்ஞ்சாங்க. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ராமன் சுகுமாரும் மத்த விஞ்ஞானிகளும் 1993ல அந்த முடிவை நேச்சர் இதழ்ல வெளியிட்டாங்க.

அவங்க பார்த்தது கார்பனோட எடையை. நூறு கார்பன் அணுவுல ஏறக்குறைய 99 கார்பன்-12, ஒண்ணுதான் கார்பன்-13, அது கொஞ்சம் கனம். செடிங்க கனமானதை ஓரளவு ஒதுக்கிட்டு லேசானதை அதிகமா இழுத்துக்கும். மரம், தேயிலை, உருளைக்கிழங்கு இதெல்லாம் நல்லாவே ஒதுக்கும். கேழ்வரகு, சோளம், வறட்சி தாங்குற சில புல் வகைகள் அவ்வளவா ஒதுக்காது. அப்ப ஒரு அடுக்குல கார்பன்-13 எவ்வளவு இருக்குன்னு அளந்தாலே, அந்தக் காலத்துல மலை வறண்டு கிடந்ததா, மழை கொட்டினதான்னு சொல்லிடலாம். பனியுகம் உச்சத்துல இருந்த ஏறக்குறைய 20,000 வருசம் முன்னாடி இங்க வறட்சிப் புல்தான் அதிகம். 10,000 வருசம் முன்னாடி பருவமழை பலமாயிடுச்சு.

அதனால இயற்கையாவே மாறும்னு நீங்க சொல்றது உண்மை. ஆனா வேகத்தைப் பாருங்க. அந்தப் பனியுகம் முடிஞ்சு உலகம் சுமார் 5 டிகிரி சூடாக ஆயிரக்கணக்கான வருசம் பிடிச்சது. சூட்டைப் பிடிச்சு வைக்கிற கார்பன் டை ஆக்சைடு காத்துல பத்து லட்சத்துல 180 பங்குல இருந்து 280 ஆக ஏறினதும் அப்படித்தான். பூமி சூரியனைச் சுத்துற பாதையும் சாய்வும் மெதுவா மாறினதுதான் அதைத் தொடங்கி வச்சது. இப்ப 280ல இருந்து 420ஐத் தாண்ட இருநூத்துச் சொச்சம் வருசம்தான் ஆச்சு. 1850-1900 காலத்தோட ஒப்பிட்டா 2011-2020ல உலகம் சுமார் 1.1 டிகிரி கூடிடுச்சு.

அந்தக் கூடுதல் கார்பன் டை ஆக்சைடு எங்கிருந்து வந்ததுன்னு அதே கார்பன்-13தான் சொல்லுது. நிலக்கரியும் பெட்ரோலியமும் பழைய செடிகொடி, பாசி மக்கி உண்டானது. அதுல கார்பன்-13 குறைவு. அதை எரிக்க எரிக்க காத்துலயும் கார்பன்-13 பங்கு குறையுது, இதை அளந்து பார்த்திருக்காங்க. எரிமலைப் புகையா இருந்தா இந்த அளவுக்குக் குறையாது. அதோட, எரிமலைங்க வருசத்துக்கு விடுற கார்பன் டை ஆக்சைடு, நாம விடுறதுல நூத்துல ஒரு பங்குகூட இல்ல. காத்துல ஆக்சிஜனும் கொஞ்சம் கொஞ்சமாக் குறையுது, எரியுறதுக்கு அதுதானே வேணும்? சூரியன்தான் காரணம்னா வளிமண்டலத்தோட மேல் அடுக்கும் சேர்ந்து சூடாகணும். ஆனா கீழ சூடாகுது, மேல குளிருது. நிலக்கரியும் பெட்ரோலியமும் நாம எரிக்கிறது இல்லாம இதையெல்லாம் விளக்க முடியாது.

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். தயவுசெஞ்சு அங்க மரம் நடாதீங்க. நல்ல எண்ணத்துலதான் கேக்குறீங்க, ஆனா கெடுதல்தான் நடக்கும்.

சதுப்புல மரம் நடணும்னாலும் காரட் போடணும்னாலும் முதல்ல வடிகால் வெட்டுவாங்க. நீர்மட்டம் இறங்கும், காத்து உள்ள போகும். ஆயிரக்கணக்கான வருசமா மக்காம இருந்தது மக்க ஆரம்பிச்சு கார்பன் டை ஆக்சைடா வெளியேறும், தரையும் உள்வாங்கும். புல்வெளியில பெரும்பங்கு கார்பன் வேர்லயும் மண்ணுலயும் இருக்கு, தீ வந்தாலும் அது அங்கயேதான் இருக்கும். தண்ணி விசயத்துல இங்கயே சோதனை நடந்திருக்கு. கிளன்மார்கன்ல ஒரு ஓடைப் படுகையில பாதிக்கு மேல கற்பூர மரம் நட்டு, பக்கத்துப் புல்வெளிப் படுகையோட ஒப்பிட்டாங்க. முதல் பத்து வருசத்துல தண்ணி வரத்து 16 சதவீதம் குறைஞ்சது. வெட்டினது மறுபடி தழைச்சு வந்த அடுத்த சுற்றுல 25 சதவீதம். கோடையில ஊத்து ஓடணும்னாலும், பைக்காரா மாதிரி நீர்மின் நிலையங்களுக்குத் தண்ணி வேணும்னாலும் புல்வெளியும் சதுப்பும் இருக்கணும்.

ஏற்கெனவே வடிகால் வெட்டியாச்சுன்னா அடைச்சிடலாம். ஒரே பெரிய அணையாப் போடாதீங்க, பெருமழையில உடைச்சுக்கிட்டுப் போயிடும். மேல்பக்கம் ஆரம்பிச்சு கீழ நோக்கி, பலகையும் அங்கயே கிடைக்கிற மண்ணும் வச்சு சின்னச் சின்ன அடைப்பாப் போடுங்க. ஒரு அடைப்புல தேங்குற தண்ணி அதுக்கு மேல இருக்கிற அடைப்போட அடியைத் தொடணும். ரெண்டுக்கும் நடுவுல மட்ட வித்தியாசம் ஒரு அடிக்குள்ள இருந்தா அழுத்தம் தாங்கும். பலகையை ரெண்டு கரையிலயும் நல்லா உள்ள தள்ளிப் புதைக்கணும், இல்லைன்னா தண்ணி ஓரமா அரிச்சு வழி பண்ணிக்கும். பெரும்பாலும் அங்கதான் தோத்துப் போகுது.

தேயிலைத் தோட்டத்துல நீங்களே குறைக்க முடியுறது யூரியா உரம். 45 கிலோ மூட்டையில சுமார் 20 கிலோ நைட்ரஜன். அதுல நூத்துல ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாப் போகும்னு பொதுவாக் கணக்குப் போடுவாங்க. அந்த வாயு கார்பன் டை ஆக்சைடை விட 273 மடங்கு சூடேத்தும். மூட்டைக்குச் சுமார் 90 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், ரெண்டு சமையல் சிலிண்டர் எரிக்கிற மாதிரி. மண் பரிசோதனை பண்ணி, பிரிச்சுப் பிரிச்சுப் போடுங்க. கனமழை எச்சரிக்கை இருந்தா அன்னிக்கு வேண்டவே வேண்டாம், சரிவுல நிறைய உரம் ஓடையிலதான் போய்ச் சேரும்.

ஆனா இந்தச் சுமையை மலை விவசாயி தலையில மட்டும் கட்டுறது நியாயமில்ல. எரிபொருளை எரிச்சே உலகம் வருசத்துக்கு ஏறக்குறைய 3,700 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு விடுது. நிலக்கரி மின்சாரத்தைக் குறைக்காம, பேருந்து, ரயில், சிமென்ட், உருக்கு இதையெல்லாம் மாத்தாம எத்தனை சதுப்பைக் காப்பாத்தினாலும் பத்தாது. மின்சாரம் எப்படி வரணும்னு அரசுகிட்ட கேக்குறதும் உங்க வேலைதான்.

கடைசியா, உங்க புல்வெளியில ஏற்கெனவே சீகை மரம் (வெளிநாட்டுல இருந்து வந்த வாட்டில் மரம்) இருந்தா அதை எடுக்கிறது நல்லது, ஆனா அவசரப்படாதீங்க. 1955ஆம் வருசத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்துல அனுமதி வாங்கணும். சரிவுல மொத்தமா வெட்டினா வேர் அழுகி அடுத்த சில மழைக்காலத்துல மண் சரியும். பட்டை பட்டையா எடுத்து, வெட்டின இடத்துல உள்ளூர்ப் புல்லை நட்டுட்டு அடுத்த பட்டைக்குப் போங்க. கொளுத்தவே கூடாது. மண்ணுக்குள்ள பல பத்து வருசம் தூங்குற விதைங்க சூடு பட்டதும் கூட்டமா முளைச்சிடும். முளைச்சு வர்ற கன்னுங்களை மழை பெஞ்சு மண் இளகி இருக்கும்போது வேரோட பிடுங்குங்க. வருசத்துக்கு ரெண்டு தடவையாவது, விடாம பல வருசம் பண்ணணும்.