அரசனுக்குப் போட்ட சாலை, ஐஸ்கிரீம் விற்கும் சாலை

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருப்போரே, வணக்கம். டெல்லியின் கர்த்தவ்ய பாதைக்குப் பெருமை சேர்ப்பது அதை வகுத்த வல்லுநர்களா, அதில் கூடும் மக்களா என்பது இன்றைய வழக்கு. நாங்கள் மக்கள் பக்கம்.

எதிரணித் தலைவர், புது டெல்லியை வகுத்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸின் வரைபடத்தைப் புகழ்ந்து தள்ளினார். சரி, ரைசினா குன்றிலிருந்து இந்தியா கேட் வரை வளையாமல் ஓடும் கோடு அழகுதான், மறுக்கவில்லை. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக அறிவித்தார். அப்புறம் கிங்ஸ்வே என்ற பெயரில் இந்தச் சாலை பிறந்தது. எங்கே நின்றாலும் குன்றின் மேலுள்ள வைஸ்ராய் மாளிகை, அதாவது இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகை, கண்ணில் பட வேண்டும், பார்ப்பவன் பணிய வேண்டும், அதுதான் நோக்கம்.

நடந்ததா? லட்யன்ஸின் கூட்டாளி ஹெர்பர்ட் பேக்கர் தன் செயலகக் கட்டடங்களையும் குன்றின் மேலேயே வைத்தார். மாளிகை பின்னுக்குப் போனது. இன்றும் இந்தியா கேட் பக்கமிருந்து குன்றின் அடியிலுள்ள விஜய் சௌக் வரை நடந்து பாருங்கள். கிட்டே போகப் போக மாளிகை மேட்டுக்குப் பின்னால் இறங்கி, கடைசியில் கும்பம் மட்டும் எட்டிப் பார்க்கும்! சரிவை மாற்றச் சொல்லி லட்யன்ஸ் மன்றாடினார், பேக்கரோடு சண்டையும் போட்டார். பலிக்கவில்லை. அந்த வரைபடத்துக்குத்தான் எதிரணி மாலை போடுகிறது.

மக்கள் என்ன செய்தார்கள்? 1988 அக்டோபரில் மகேந்திர சிங் திகாயத் தலைமையில் விவசாயிகள் லட்சக்கணக்கில் வந்து, இந்தச் சாலையோரத்துப் போட் கிளப் புல்வெளியில் ஒரு வாரம் குடியிருந்தார்கள். கரும்புக்கு நல்ல விலை கொடு, மின் கட்டணத்தைக் குறை என்று கேட்டார்கள். அங்கேயே அடுப்பு, அங்கேயே ஹூக்கா. அதே இடத்தில் இந்திரா காந்தி நினைவு நாள் கூட்டம் நடத்த இருந்த ஆளுங்கட்சி, கூட்டத்தைச் செங்கோட்டைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 2012 டிசம்பரில் மாணவிகளும் மாணவர்களும் நிர்பயாவுக்கு நீதி கேட்டு ரைசினா மேட்டிலேயே ஏறினார்கள். வைஸ்ராயைப் பார்த்துப் பணிவதற்குப் போட்ட சாலை ஐயா இது!

குடியரசு நாள் அணிவகுப்பைச் சொல்வார்கள். அதுகூட 1950-இல் இர்வின் மைதானத்தில்தான் தொடங்கியது. 1955-இலிருந்துதான் இங்கே நிலைத்தது. ஆண்டுக்கு ஒரு நாள் அது. மற்ற நாள்களின் மாலையில் புல்வெளியில் பாய் விரிப்பது யார்?

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். இந்தியா கேட் அருகிலுள்ள மண்டபத்திலிருந்து ஜார்ஜ் சிலையை 1968-இல் எடுத்தார்கள். 2022-இல் நேதாஜி சிலை வரும்வரை, 50 ஆண்டுகளுக்கு மேல் அது காலியாகவே நின்றது. அத்தனை ஆண்டுகளில் எந்த ஞாயிற்றுக்கிழமையாவது அங்கே கூட்டம் குறைந்ததா?