பத்து வெள்ளி நோட்டில் ஒரு பூ

நேயர்களுக்கு அன்பு வணக்கம். கையில் மலேசியப் பத்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டு இருந்தால் திருப்பிப் பாருங்கள். பெரிதாக ஒரு பூ இருக்கும். அதுதான் ரஃப்ளேசியா, மலாய்க்காரர்கள் பக்மா என்பார்கள்.

நான் பேராக் மாநிலத்துக் கோப்பேங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கித்தா (ரப்பர்) மரம் சீவியவர். லயத்து வாசலில் நின்றாலே மலைக்காடு தெரியும். ஆனாலும் அந்தக் காட்டில் இப்படியொரு பூ இருப்பதே, டீச்சராகி நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உலு கெரோ கிராமத்து அண்ணன் ஒருவர், செமாய் என்னும் பூர்வகுடியைச் சேர்ந்தவர், கூட்டிப்போனார்.

மூங்கில் சரிவு, வழுக்கும் சேறு. திடீரென்று "ஜாகா காக்கி, சிக்கு!" (கால் பத்திரம், டீச்சர்!) என்று மலாயில் சொல்லிக் கையை நீட்டி மறித்தார். என் காலடியில், சருகுக்கு நடுவே, முட்டைக்கோஸ் மாதிரி ஒரு மொட்டு. இன்னும் ஓர் எட்டு வைத்திருந்தால் மிதித்திருப்பேன். அந்த அளவுக்கு வளர அதற்கு மாதக்கணக்காகியிருக்கும்.

சற்றுத் தள்ளி ஒன்று விரிந்திருந்தது. தடித்த ஐந்து இதழ்கள், செங்கல் நிறம், மேலெல்லாம் வெளிறிய தழும்புகள். நடுக்குழியில் ஈ மொய்த்தது. கெட்டுப்போன இறைச்சி வாடை. அந்த வாடைக்கு வரும் ஈதான் மகரந்தத்தைச் சுமக்கிறது. ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இரண்டும் அக்கம்பக்கத்தில் ஒரே சமயம் விரிந்தால்தான் விதை பிடிக்கும். விரிந்த பூவுக்கோ ஆயுள் ஒரு வாரம்கூட இல்லை.

இதற்கு இலை இல்லை, தண்டு இல்லை, வேரும் இல்லை. திராட்சைக் குடும்பத்துக் காட்டுக்கொடி ஒன்றுக்குள் நூல் நூலாகப் படர்ந்து, அதன் சத்தைக் குடித்தே வாழ்கிறது. பிடுங்கி வந்து தொட்டியில் வைக்கிற பூ அல்ல. கொடியை வெட்டினால் பூவும் போச்சு. கொடிக்கு நிழல் தரும் மரத்தை வெட்டினாலும் அதே கதிதான். காட்டோரத்தில் நிலம் வைத்திருப்பவர்களே, வேலியோரம் துப்புரவு செய்யும்போது பெரிய கொடிகளில் கத்தி வைக்காதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உலகத்தில் அறியப்பட்ட 42 வகை ரஃப்ளேசியாவும் ஆபத்தில் இருப்பதாக 2023இல் வந்த ஆய்வு சொல்கிறது. பிள்ளை பெற்றவர்களுக்கு மருந்து என்று மொட்டைப் பறித்து விற்பதும் ஒரு காரணம். பறிக்காமல் விட்டாலும் பல மொட்டுகள் விரியாமலே கறுத்துப்போகும். அன்று நான் மிதிக்காமல் விட்ட மொட்டும் அப்படித்தான் போனதாக அந்த அண்ணன் பிறகு சொன்னார்.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் செமாய் வழிகாட்டி இல்லாமல் ஏறாதீர்கள். முதல் நாளே கேட்டுவிட்டுப் போங்கள். பூ இல்லையென்றால் இல்லை என்றே சொல்லிவிடுவார்கள்.

நன்றி, வணக்கம்.