நம்பிக்கையான கோலியை வித்துடலாமா?

வணக்கம் நேயர்களே. ஐஸ் ஹாக்கி பத்திப் பேச கூப்பிட்டதுக்கு நிலையத்தாருக்கு நன்றி, நேரா விஷயத்துக்கு வந்துடறேன். ஒரு டீம் தோத்துட்டே இருக்கு, கோல் போட ஆள் இல்ல, டிஃபென்ஸ்ல பாதிப் பேரு சின்னப் பசங்க, நம்பி நிக்கிற ஒரே ஆளு பல வருஷமா அங்கேயே ஆடுற கோலி, அதாவது வலையைக் காக்கிற கோல்கீப்பர். டிரேட் டெட்லைன், அதாவது சீசன் நடுவுல டீம்கள் ஆட்டக்காரங்கள மாத்திக்கிறதுக்கான கடைசி நாள், நெருங்கினாலே எல்லாரும் கேக்கிறது ஒண்ணுதான், தோக்கிற டீமுக்கு எதுக்குங்க இவ்வளவு நல்ல கோலி, அவர வித்துட்டு டிராஃப்ட் பிக், அதாவது புதுசா வர்ற பசங்கள வரிசைப்படி தேர்ந்தெடுக்கிற உரிமை, வாங்கிப் போட்டா நாளைக்கு உதவுமேன்னு. என் கருத்த முதல்லயே சொல்லிடறேன். விக்கலாம், ஆனா அடுத்து அந்த வலையில நிக்கப் போறவர் யாருன்னு முடிவு பண்ணிட்டு விக்கணும். அதப் பண்ணாம வித்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு வட அமெரிக்காவோட பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான NHLல ஆடுற பஃபலோ சேபர்ஸ் ஒண்ணே போதும்.

ரயன் மில்லர், அங்க இருந்த கோலி. பஃபலோ வரலாற்றிலேயே அதிக வெற்றி, 284, அவரு பேர்லதான் இருக்கு. 2010ல லீக்கோட சிறந்த கோலிக்கான வெசினா விருது வாங்கினாரு, அதே வருஷம் வான்கூவர் ஒலிம்பிக்ல அமெரிக்காவுக்கு வெள்ளி வாங்கிக் கொடுத்து போட்டியோட சிறந்த ஆட்டக்காரராவும் வந்தாரு. 2013-14 சீசன்ல பஃபலோ மொத்த லீக்லயே கடைசி, 82 மேட்ச்ல 52 பாயிண்ட், ஒரு மேட்ச்சுக்கு சராசரியா ரெண்டு கோல் கூட போட முடியல, அப்பவும் இந்த மனுஷன் பஃபலோவுக்கு ஆடின வரைக்கும் அவரோட சேவ் பர்சன்டேஜ் .923, அதாவது ஆயிரம் ஷாட் வந்தா 923ஐத் தடுத்த கணக்கு. அந்த டீமுக்குப் பின்னாடி நின்னு இந்த நம்பர் எடுக்கிறது எவ்வளவு பெரிய வேலைன்னு ஹாக்கி பாக்கிறவங்களுக்குத் தெரியும். 2014 பிப்ரவரி 28ஆம் தேதி அவரையும் கேப்டன் ஸ்டீவ் ஆட்டையும் சேர்த்து செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்துட்டாங்க.

இதுல ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லணும். அவருக்கு அப்ப வயசு 33, காண்ட்ராக்ட் அந்தக் கோடையோட முடியுது, சும்மா விட்டா கையில ஒண்ணும் கிடைக்காம போயிடுவாரு. அதனால டிரேட் பண்ணதையே நான் தப்புன்னு சொல்லல. பதிலுக்கு வந்தது யாரு பாருங்க, யாரோஸ்லாவ் ஹலாக், நல்ல கோலி, கூடவே கிறிஸ் ஸ்டூவர்ட், வில்லியம் கேரியர், ஒரு முதல் ரவுண்ட் பிக், அதுக்கு மேல நிபந்தனையோட இன்னொரு பிக். நல்ல விலைதான். ஆனா அடுத்த வாரமே ஹலாக்கை வாஷிங்டனுக்குக் கொடுத்து மைக்கேல் நோய்விர்த்தை வாங்கினாங்க, ஒரு வருஷம் கழிச்சு அவரு நல்லா ஆட ஆரம்பிச்ச நேரத்துல நியூயார்க் ஐலண்டர்ஸுக்குக் கொடுத்து சாட் ஜான்சனை வாங்கினாங்க, அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் இன்னொரு கோலி என்ரோத் டாலஸுக்குப் போனாரு. வலையில யாரும் நிலையா நிக்கவே விடல. தோத்தா டிராஃப்ட்ல முதல் இடம் வர வாய்ப்பு அதிகம், அந்த வருஷம் எல்லாரும் எதிர்பார்த்த இளம் ஆட்டக்காரர் கானர் மெக்டேவிட் கிடைப்பாருங்கிற ஆசை. 2015 மார்ச்ல அரிசோனாவோட ஒரு மேட்ச், ஓவர்டைம்ல அரிசோனா கோல் போட்டு ஜெயிக்குது, பஃபலோ ரசிகர்கள் அவங்க சொந்த ஸ்டேடியத்துலயே கை தட்டுறாங்க. ஐஸ் மேல நின்னுட்டிருந்த சொந்த டீம் பசங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு நினைச்சா இப்பவும் எனக்கு மனசு கஷ்டமா இருக்கு.

குலுக்கல்ல முதல் இடம் எட்மன்டனுக்கு விழுந்துது, மெக்டேவிட் அங்க போயிட்டாரு. பஃபலோவுக்குக் கிடைச்சது ரெண்டாவது இடம், ஜாக் ஐக்கல். அதுக்கு முந்தின வருஷமும் ரெண்டாவது இடம்தான், சாம் ரைன்ஹார்ட். ரெண்டு பேருமே அருமையான ஆட்டக்காரங்க, ரெண்டு பேருமே லீக்கோட சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கப் ஜெயிச்சாங்க, ஆனா ஐக்கல் 2023ல வேகாஸ்ல, ரைன்ஹார்ட் 2024ல ஃபுளோரிடாவுல. மில்லருக்குப் பதிலா வந்த கேரியரும் வேகாஸ் போய் அதே 2023 கப்பைத் தூக்கினாரு. மில்லருக்குக் கிடைச்ச முதல் ரவுண்ட் பிக் இவாண்டர் கேன்ங்கிற ஆட்டக்காரரை வாங்கின டிரேட்ல வின்னிபெக்குக்குப் போயிடுச்சு. பஃபலோ 2012ல இருந்து 2025 வரைக்கும் வரிசையா 14 சீசன் ப்ளே ஆஃப் பாக்கல, லீக்ல இப்படி வேற எந்த டீமுக்கும் நடந்ததில்ல.

சரி, ஒரு கோலி போனதாலயா இவ்வளவும்? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது, ஆனா அனுபவமுள்ள கோலி ஷாட்டை மட்டும் தடுக்கிறதில்ல, அதை நம்மாளுங்க நிறைய பேரு கவனிக்கிறதே இல்ல. எதிர் டீம் பக்கை, அதாவது பந்துக்குப் பதிலா இருக்கிற ரப்பர் வட்டை, நம்ம மூலைக்கு அடிச்சு விடறாங்க, அது சுவரோரமா சுத்தி வலைக்குப் பின்னாடி வருது, பத்தொன்பது வயசுப் பையன் ஒருத்தன் டிஃபென்ஸ்ல இருக்கான், அவன் பக்கை எடுக்க முதுகைக் காட்டி ஓடறான், பின்னாலேயே ரெண்டு தடியன் துரத்தி வர்றான். நல்ல கோலி வலையை விட்டு வெளிய வந்து அந்த பக்கை நிறுத்தி, பையன் எடுக்கத் தோதா வச்சுட்டு, ஆள் வர்றான், இந்தப் பக்கம் திரும்புன்னு கத்துவாரு. பையனுக்கு ரெண்டு நொடி கிடைக்கும், தலையத் தூக்கிப் பாத்து பாஸ் போடுவான். அது இல்லன்னா கண்ணாடியில மோதி விழுவான், இல்ல பயத்துல கண்ட இடத்துக்கு அடிச்சு விடுவான், அதுவே பழக்கமாயிடும். தடுத்த பக் திரும்பத் தெறிக்கிற ரீபவுண்டும் அப்படித்தான், தேர்ந்த கோலி பக்கை மூலைக்குத் தள்ளி விடுவாரு, தடுமாறுற கோலி வலைக்கு முன்னாடியே விட்டுடுவாரு, கோல் விழுந்ததும் திட்டு வாங்குறது அந்த டிஃபென்ஸ் பையன்.

இன்னொரு விஷயம், விலை. ஒரு டீம்ல ஒரு நேரத்துல ஒரே ஒரு கோலிதான் ஆட முடியும், மார்ச் மாசத்துல கோலி தேவைப்படுற டீம் ரெண்டோ மூணோதான் இருக்கும், அதனால சந்தையில கோலிக்குப் பெருசா யாரும் கொடுக்கிறதில்ல. மார்க்-ஆண்ட்ரே ஃப்ளூரி மூணு ஸ்டான்லி கப் ஜெயிச்சவரு, 2021 வெசினா, அந்த டிசம்பர்ல 500 வெற்றியைத் தொட்ட மூணாவது கோலி. 2022 மார்ச் 21 அன்னிக்கு சிகாகோ அவரை மினசோட்டாவுக்குக் கொடுத்தப்ப வந்தது ஒரே ஒரு பிக், மினசோட்டா வெஸ்டர்ன் ஃபைனல், அதாவது அரையிறுதி மாதிரியான சுற்று, வரைக்கும் போகணும், அதுக்கு முன்னாடி அவரு நாலு மேட்ச்சாவது ஜெயிக்கணும், அப்பதான் அது முதல் ரவுண்ட் பிக். முதல் சுற்றுலயே செயின்ட் லூயிஸ்கிட்ட தோத்தாங்க, ரெண்டாவது ரவுண்ட் பிக்கோட முடிஞ்சுது. ஆனா சிகாகோவை நான் குறை சொல்ல மாட்டேன், ஃப்ளூரியோட சம்மதத்தோடதான் அனுப்பினாங்க, அந்தக் கோடையிலேயே டொராண்டோகிட்ட இருந்து பீட்டர் மிராஸெக்குன்னு அனுபவமுள்ள கோலியக் கொண்டு வந்து நிறுத்தினாங்க.

எனக்குப் பிடிச்ச உதாரணம் அனஹைம் டக்ஸ். 2019ல இருந்து 2025 வரை ஏழு சீசன் ப்ளே ஆஃப் இல்ல, ஒவ்வொரு வருஷமும் ஜான் கிப்சனை வித்துடுங்கன்னு எழுதாத ஆளே கிடையாது. அவருக்கும் ஷாட் மேல ஷாட் வாங்கி வாங்கி நம்பர் இறங்கிடுச்சு, .900க்கும் கீழ போன வருஷங்கள்கூட உண்டு, வருஷத்துக்கு 64 லட்சம் டாலர் சம்பளம் வேற. அவருக்கு அது கஷ்டமான காலம்தான், அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா மெக்டாவிஷ், லியோ கார்ல்சன் மாதிரி பசங்க வளர்ந்தது அவரு முன்னாடிதான், பக்கத்துலயே லூகாஸ் டோஸ்டால்னு ஒரு செக் நாட்டுப் பையன் கொஞ்சம் கொஞ்சமா மேட்ச் ஆடி 2024-25ல முதல் கோலியாவே ஆயிட்டான். அதுக்கு அப்புறம்தான், 2025 ஜூன் 28ல, கிப்சனை டெட்ராய்ட்டுக்கு அனுப்பினாங்க. பதிலுக்கு ஒரு ரெண்டாவது ரவுண்ட் பிக், ஒரு நாலாவது ரவுண்ட் பிக், அதோட டோஸ்டாலுக்குத் துணையா நிக்க ஒரு கோலியையும் கேட்டு வாங்கிட்டாங்க, அதே மிராஸெக். நன்றி, வணக்கம்.