கண்டதைக் கற்கட்டும் பிள்ளைகள்

(நூலக வார விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, பல பணிகளுக்கிடையே வந்து சிறப்பித்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, எனக்கு முன் அருமையாக உரையாற்றி அமர்ந்த தலைமையாசிரியை அம்மா அவர்களே, ஒலிபெருக்கி முதல் தேநீர் வரை பார்த்துப் பார்த்துச் செய்த வாசகர் வட்டத் தோழர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் குழந்தைச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'மனித வாழ்வில் கற்பனை' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். சிந்தனையில் கற்பனை, நம்பிக்கையில் கற்பனை, கலையில் கற்பனை என்று மூன்றாக வைத்துக்கொள்கிறேன். கண்டதைக் கற்கப் பண்டிதன் ஆவான் என்பார்கள். நான் ஏறும் மேடையெல்லாம் சொல்லும் பழமொழி இது. இன்றும் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

கும்பகோணத்தில் ஒரு பையன். அப்பாவுக்குப் புடவைக் கடையில் கணக்கெழுதும் வேலை. 15, 16 வயதில் நண்பர் ஒருவர் வழியாக அவன் கைக்கு ஒரு நூல் வருகிறது. அரசினர் கல்லூரி நூலகத்துப் புத்தகம்! கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல். ஆயிரக்கணக்கான தேற்றங்கள் இருக்கின்றன, நிறுவல்கள்தாம் பெரும்பாலும் இல்லை. வேறு யாராவது என்றால் மூடி வைத்திருப்பார்கள். இவனோ நூல் சொல்லாமல் விட்ட வழியை எல்லாம் தானே கற்பனை செய்து செய்து கண்டுபிடித்தான். காகிதத்துக்குக் காசில்லை. சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்தான். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாமல் கல்லூரித் தேர்வில் தோற்றான். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களைக் காட்டுகிறாள் என்று சொன்னான். அவனுக்கு நம்பிக்கை வேறு, கற்பனை வேறு இல்லை. சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே 1913 ஜனவரியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினான். அந்தக் கடிதத்துச் சூத்திரங்கள் சிலவற்றைப் பற்றிப் பேராசிரியர் ஹார்டி பின்னாளில் என்ன எழுதினார் தெரியுமா? இவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும், உண்மை இல்லையென்றால் இவற்றைப் புனையும் கற்பனை யாருக்கும் இருந்திருக்காது என்றார். அந்தப் பையன்தான், செல்வங்களே, சீனிவாச ராமானுஜன்! கைதட்டுங்கள்!

கண்டதைக் கற்கப் பண்டிதன் ஆவான். ஆனால் கற்பதற்குக் கண்ணில் பட வேண்டுமே? அன்று அந்த நூலகத்தில் அந்தப் புத்தகம் இருந்தது. அதைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன்.

சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதனும் கணித ஆசிரியர்தான். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ராமானுஜனைப் பற்றி நூலும் எழுதினார். அவர் ஓயாமல் உழைத்ததன் பயன்தான் 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம். அந்தச் சட்டப்படி நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். ஆனால் நம் ஊர்க் கிளை நூலகத்தில் நடப்பதென்ன? பள்ளி விட்டுப் பிள்ளைகள் வந்து சேர்வதற்குள் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். சிறுவர் நூல்கள் பீரோவுக்குள் இருக்கின்றன. பூட்டிய பீரோவிலிருந்து எந்தப் பிள்ளை எதைக் காண்பது, எதைக் கற்பது?

கலையைப் பற்றியும் பேச ஆசை. தலைவர் மணியைப் பார்க்கிறார், இன்னொரு மேடையில் பேசுகிறேன். இப்போது கேட்பது இரண்டுதான். மாலை எட்டு மணி வரை நூலகம் திறந்திருக்க வேண்டும். பிள்ளைகள் தாங்களே எடுத்துப் படிக்கும்படி சிறுவர் நூல்கள் திறந்த அடுக்குக்கு வர வேண்டும். நகர்மன்றத் தலைவர் அவர்கள் இதை அடுத்த கூட்டத்திலேயே தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுமென உரிமையோடு கேட்கிறேன். வாசலில் மனு வைத்திருக்கிறோம். எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பிள்ளைகளும் போடலாம், நூலகம் அவர்களுக்கும் உரியது. நன்றி, வணக்கம்.