கைநாட்டு வைக்காத அப்பத்தா

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடம் மதுரையில் சமூகப் பணிப் படிப்பு சொல்லிக்கொடுத்தவன் நான். எம்.எஸ்.டபிள்யூ. என்றால் பலருக்குச் சட்டென்று புரியும். "சேவை செய்யவும் ஒரு படிப்பா சார்? எங்க அம்மா படிக்காமலே செய்யுதே" என்று ஓர் ஆட்டோக்காரர் கேட்டார். காளவாசல் சிக்னலில் நின்றிருந்தோம். பச்சை விழுவதற்குள் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்குப் பத்து நிமிடம் கிடைத்திருக்கிறது, பார்ப்போம்.

இந்தப் படிப்பு நம் நாட்டுக்கு வந்தது 1936இல், பம்பாயில். கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கர், டாடா அறக்கட்டளை உதவியோடு தொடங்கினார். சென்னைக்கு 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் கொண்டுவந்தார். இதற்கு நடுவே, 1947இல், நம் சின்னாளபட்டிப் பக்கம் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமம் என்ற கிராமப் பணி நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார்கள். அங்கே வேலை முதலில் வந்தது, பட்டம் பிறகு வந்தது. எனக்கு அந்த வரிசைதான் பிடிக்கும்.

ஏனென்றால், நாங்கள் படித்த பாடப் புத்தகங்களில் பெரும்பாலும் ஒரு மேஜை இருக்கும். மேஜைக்கு இந்தப் பக்கம் சமூகப் பணியாளர், அந்தப் பக்கம் பிரச்சினையோடு வந்த ஓர் ஆள். நம் ஊரில் எந்த வீட்டில் ஒற்றை ஆள் பேசுவார்? திண்ணையில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டால் நாலு பேர் பதில் சொல்வார்கள். கேட்கப்பட்டவர் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

வாரத்துக்கு இரண்டு நாள் மாணவர்களுக்குக் களப்பணி. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள் ஒரு மாணவி. இது நடந்து இருபத்தைந்து வருடம் இருக்கும். அங்கே ஓர் அப்பத்தாவுக்கு முதியோர் உதவித்தொகை கிடைக்கவில்லை. 1962இலிருந்து நம் மாநிலத்தில் இருக்கிற திட்டம், ஆனால் அப்பத்தாவுக்கு வயதுச் சான்று கிடையாது. "வைகை டேம் தெறந்த வருசம் மூத்தவன் பொறந்தான்" என்று அப்பத்தா சொல்ல, அது 1959 என்று இவள் பிடித்து, வயதைக் கணக்குப் போட்டு மனு எழுதினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வகுப்பில் வாசித்துக் காட்டினேன்.

மனு திரும்பிவிட்டது. அந்தத் தொகை ஆதரவற்றவர்களுக்குத்தானாம். ரேஷன் கார்டில் மகன் பெயர் இருக்கிறதே, எப்படி ஆதரவற்றவர் ஆவார்? மகன் திருப்பூரில், பனியன் கம்பெனியில். பணமும் அனுப்புவதில்லை, தீபாவளிக்கும் வரவில்லை. சரி, 'மகன் கவனிக்கவில்லை' என்று ஒரு வரி எழுதிக் கைநாட்டு வாங்கினால் போதும் என்று மைப்பெட்டியோடு போனாள்.

அப்பத்தா கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டது. "எம்மகன் சோறு போடலைன்னு நானே எழுதிக் குடுத்தா, நாளப்பின்ன அவன் மகளை யாரு தாயி பொண்ணு கேட்டு வருவாக?"

நேயர்களே, இதை நான் எத்தனை மேடையில் சொல்லியிருப்பேன் என்று என் மனைவி கணக்கு வைத்திருக்கிறாள். இருந்தாலும் சொல்கிறேன். அந்தக் கை முந்தானைக்குள் போனதே, அதுதான் பாடம். இது எந்தப் படிவத்திலும் வராது. பசி ஒரு பக்கம், பேத்தியின் கல்யாணம் ஒரு பக்கம். அப்பத்தா நிறுத்துப் பார்த்துத்தான் பேசியது.

மாணவி மைப்பெட்டியை மூடிவிட்டு, "மகனுக்குக் கடுதாசி எழுதவா அப்பத்தா?" என்று கேட்டிருக்கிறாள். அப்பத்தா சொல்லச் சொல்ல எழுதினாள். ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு, கூரையில் ஒரு பக்கம் ஒழுகுது, பேத்திக்குக் காது குத்தின தோடு பத்திரமா இருக்கு. பணம் என்ற சொல்லே அதில் இல்லை. மூன்று வாரத்தில் முந்நூறு ரூபாய் மணியார்டர் வந்தது. மாதாமாதம் வந்ததா என்றால், இல்லை. பொங்கலுக்கு ஒரு முறை வந்தது, அவ்வளவுதான்.

அவளுடைய களப்பணி நோட்டில் நான் சிவப்பு மையில் எழுதினேன்: 'இலக்கு எட்டப்படவில்லை.' மதிப்பெண்ணும் குறைத்தேன். உதவித்தொகை வாங்கித் தரவில்லை அல்லவா! இன்று அந்த நோட்டு கையில் கிடைத்தால் முதலில் என் வரியைத்தான் அடிப்பேன்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் மிச்சம். சட்டம் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. வேண்டியவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் அப்பத்தா போன்றவர்கள் அந்த வாசலுக்கு வருவார்களா என்பதைத் திண்ணையில் உட்கார்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்புறம், வக்கீல்களுக்குப் பார் கவுன்சில் இருப்பதுபோல் சமூகப் பணியாளர்களுக்கு ஒரு பதிவுமுறை வேண்டும் என்று... ஒரு விரல் ஆகிவிட்டது. அதை இன்னொரு நாள் கூப்பிட்டால் பேசுகிறேன். வணக்கம்.