றங்குப் பெட்டியும் அகலிகையும்

(வெள்ளவத்தையில் நடந்த சிறுகதைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பேராசிரியர் அவர்களே, சுகமில்லாத போதும் தெஹிவளையிலிருந்து வந்திருக்கும் ஓய்வுபெற்ற அதிபர் அவர்களே, தமிழ் வாழ்த்துப் பாடிய பிள்ளைகளே, காலி வீதி நெரிசலைத் தாண்டி இப்போதுதான் உள்ளே வரும் அன்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் இடமிருக்கிறது, வந்து இருங்கோ. அதிபர் அவர்களின் வகுப்பில்தான் நான் முதன்முதலில் ஒரு சிறுகதையை முழுதாக வாசித்தேன். "குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்" என்ற பழமொழியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டவரும் அவர்தான். இன்றைய பேச்சே அந்த ஒரு வரிதான்.

மூன்று விஷயம் சொல்ல வந்தேன். குற்ற உணர்வு, பேசாமை, அப்புறம் நமது பழைய கதைகளைக் காப்பது.

புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாபவிமோசனம்' இங்கே பலருக்குத் தெரியும். அகலிகைக்குச் சாபம் நீங்கிவிட்டது. கௌதமரும் அவளை ஏற்றுக்கொண்டுவிட்டார். ஆனால் கதை அங்கேதான் தொடங்குகிறது. ஒரு வார்த்தை பேசுமுன் அவள் அதை ஆயிரம் தடவை மனதுக்குள் புரட்டிப் பார்க்கிறாள். கணவன் சாதாரணமாகச் சொன்னதிலும் உள்ளர்த்தம் இருக்குமோ என்று பதைக்கிறாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்கிறோமே, குற்றமில்லாத நெஞ்சையும் அப்படிக் குறுகுறுக்க வைத்துவிட்டார்கள். இருவருக்கும் அன்பு இருக்கிறது, பேச்சுத்தான் இல்லை. கடைசியில் அவள் மறுபடி கல்லாகிறாள்.

இதை விளங்கிக்கொள்ள எனக்கு என் வீட்டிலேயே ஒரு பாடம் கிடைத்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போது ஐயா, அதாவது என் அப்பா, இரண்டு றங்குப் பெட்டி கொண்டுவந்தார். உடுப்பு ஒன்றில், பழைய சஞ்சிகைகள் மற்றதில். 1966இல் தொடங்கிய 'மல்லிகை'யின் ஆரம்ப இதழ்கள் அதற்குள் இருந்தன. எங்கள் தொடர்மாடி வீட்டில் இரண்டே அறை. கடல் ஈரத்தில் தாள் மணக்கத் தொடங்கியது. ஐயா திருகோணமலைக்கு ஒரு கலியாண வீட்டுக்குப் போன பத்து நாளில், போத்தல் பேப்பர்காரரைக் கூப்பிட்டு அந்தச் சஞ்சிகைகளை எடைக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டேன். கிடைத்த காசில் மகளுக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்கினேன்.

ஐயா வந்தார். பெட்டியைத் திறந்தார். சிறிது நேரம் பார்த்துவிட்டு மூடினார். "தேத்தண்ணி இருக்கோ, பிள்ளை?" என்று என் மனைவியிடம் கேட்டார். அவ்வளவுதான். பின்னேரங்களில் கடற்கரைப் பக்கம் ஒன்றாக நடப்போம். இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன், வாய் வராது. அவரும் கேட்கவில்லை. ஆறு வருடம்!

இரவில் அவர் என் மகளுக்குக் கதை சொல்லுவார். எல்லாம் அந்தச் சஞ்சிகைக் கதைகள். ஒருநாள் நடுவிலே நின்றுவிட்டார். "முடிவு வடிவா ஞாபகமில்லைக் குஞ்சு. பெட்டிக்குள்ள இருந்தது." "இப்ப எங்க, அப்பப்பா?" "எங்கயாவது பத்திரமாத்தான் இருக்கும்."

அடுத்த அறையில் நான் படுத்திருந்தேன், அன்றைக்கும் எழும்பிப் போகவில்லை. அதன்பிறகு நாலு மாதத்தில் ஐயா போய்விட்டார். அந்தக் கதையின் முடிவு இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். இப்போதும் வீதியில் பேப்பர்காரரின் குரல் கேட்டால் எனக்கு அப்படித்தான் செய்கிறது.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அதை எரித்தவர்கள் வேறு ஆட்கள். எங்கள் அலுமாரியைக் காலி செய்வது நாங்களே. பேசாமையைப் பற்றிய கதைகளைப் பேசாமலே நிறுத்துக் கொடுக்கிறோம். அவற்றை மின்வருடிப் பாதுகாக்க 2005 முதல் 'நூலகம்' என்ற இணையத் திட்டம் இருக்கிறது. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும் 57ஆம் ஒழுங்கையில் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆகவே அன்பர்களே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அலுமாரியைத் திறந்து பாருங்கள். அட்டை கிழிந்திருந்தாலும், செல்லரித்திருந்தாலும் எறிய வேண்டாம். முதலில் அது யாருடையதோ அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சம்மதித்தால் எனக்குச் சொல்லுங்கள். முச்சக்கர வண்டி பிடித்து நானே வந்து ஏற்றிப்போய், உரிய இடத்தில் ஒப்படைக்கிறேன். மின்தூக்கி வேலை செய்யாத ஆறாம் மாடி என்றாலும் சரி.