ப்ரூனே செஞ்சோற்றுக் கடன் தீர்த்தவர்தான்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர் இப்பதான் சொல்லிட்டு உக்காந்தாரு, ஜூல் ப்ரூனே, ஜப்பான் போர்வீரங்களான சாமுராய்களோட நெறியில மயங்கி பிரெஞ்சு ராணுவத்த விட்டு ஓடிப்போனவருன்னு. நான் ஒத்துக்கவே மாட்டேன்.

1867ல ஜப்பான்ல ஆட்சி பண்ணுன ராணுவத் தலைவர் ஷோகனோட படைக்குப் பயிற்சி குடுக்க பிரெஞ்சு பேரரசர் மூணாம் நெப்போலியன் அனுப்புன குழுவுல போன பீரங்கிப்படை ஆபீசர் அவரு, வயசு 29. மறுவருஷமே உள்நாட்டுப் போர் வந்து ஷோகன் தரப்பு தோத்துருச்சு, பிரெஞ்சுக்காரங்க கிளம்புங்கன்னு உத்தரவும் வந்துருச்சு. அப்ப அவரு ராஜினாமா எழுதிக் குடுத்தாரு, பேரரசருக்கே நேரா லெட்டர் போட்டாரு, நான் பயிற்சி குடுத்த ஆளுங்க வடக்க நிக்கிறாங்க, அவங்களோட போறேன்னு. ஓடிப்போறவன் ராஜாவுக்கு லெட்டர் போட்டுட்டா ஓடுவான்? அது பிரான்ஸுக்கும் நல்லதுன்னு அதுலயே எழுதியிருக்காரு, அதையும் நான் மறைக்கல.

அவரு சாப்பிட்டது பிரான்ஸ் சோறுதானேன்னு கேட்டீங்க. சரிங்கய்யா, ஆனா அணிவகுக்கவும் பீரங்கி சுடவும் கத்துக்குடுத்துட்டு, நெஜமான சண்டை வர்ற அன்னைக்கு நான் கப்பல் ஏறுறேன் நீங்க பாத்துக்கங்கன்னு சொல்ல ஒரு வாத்தியாருக்கு எப்படிங்க மனசு வரும்?

அந்த வடக்குன்னது ஹொக்கைடோ தீவு, அங்க ஹகோடாடே ஊர்ல கொர்யோகாக்கு கோட்டை, அஞ்சு முனை நட்சத்திரம் மாதிரி இருக்கும், எனொமோட்டோ தாகேஆகி தலைமையில சுமார் 3,000 பேர் அங்க நின்னாங்க. அவங்கள்ல ஹிஜிகாட்டா தோஷிஸோவோட போட்டோ பாத்திருப்பீங்க, கிராப்பு வெட்டி, மேல்நாட்டு கோட்டு, பூட்ஸ், இடுப்போரம் வாள். பிறப்புல அவரு விவசாயி வீட்டுப் பிள்ளை, கடைசில அந்த ஹகோடாடேலதான் குண்டடி பட்டு செத்தாரு. அப்ப சாமுராய் நெறி பிறப்புலயும் இல்ல, உடுப்புலயும் இல்லங்க, பிரான்ஸ்ல பொறந்தவருக்கு மட்டும் அது ஏன் ஒட்டக்கூடாது?

கோட்டை விழுறதுக்கு முன்னாடி 1869ல பிரெஞ்சு கப்பல்ல ஏறிட்டாரே, நெஜ சாமுராய்னா செத்திருக்கணும்னு கேக்குறீங்க. கஷ்டமான கேள்விதான், எனக்கும் அந்த இடம் உறுத்தும். ஆனா எனொமோட்டோவும்தான் சரணடைஞ்சாரு, ஜெயிலுக்குப் போனாரு, அப்புறம் போர்ல ஜெயிச்ச அதே மெய்ஜி அரசுல மந்திரியாவே இருந்தாரு, அவர சாமுராய் இல்லன்னு சொல்லுவீங்களா?

துரோகின்னீங்களே, 1870ல பிரஷ்யாவோட போர் வந்தப்ப பிரான்ஸுக்காக களத்துல நின்னதும் இதே ப்ரூனேதான், பின்னாடி ஜெனரலாவும் ஆனாரு. 1898ல போர் அமைச்சரா வந்த ஷனுவான், அன்னைக்கு ஜப்பான்ல அவருக்கு மேலதிகாரியா இருந்தவரு, விட்டுட்டுப் போன அதே ஆளத்தான் கூப்பிட்டு தன்னோட தலைமை அதிகாரியா பக்கத்துல வெச்சுக்கிட்டாரு நடுவர் அவர்களே.